முதல் ஸ்மார்ட்போனில் எந்தெந்தச் செயலி? எந்த வரிசையில் போடுவது?

முதல் முறையாக ஸ்மார்ட்போன் கையில் எடுப்பவர்களுக்கும், அவர்களுக்குப் போனைத் தயார்செய்து கொடுக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களையும் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களையும் மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் போனை அமைத்துக் கொடுப்பதற்குள் வங்கி, ஆதார் மையம், கேஸ் ஏஜென்சி என்று நிறைய அலைய வேண்டியிருந்தது. செயலிகளில் ஒரு குறையும் இல்லை. வங்கியில் ஒரு எண், ஆதாரில் ஒரு எண், கேஸ் இணைப்பில் இன்னொரு எண். எதைத் திறந்தாலும் ஓடிபி (சரிபார்க்க எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறை எண்) கையில் இல்லாத எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் நல்ல செயலி எது என்ற கேள்விக்கு நான்காவது படியில்தான் வருவோம். அதற்கு முன்னால் இருப்பதை முடித்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரே மாலையில் முடிகிற வேலை.

1. முதலில் எண்ணைச் சரிசெய்யுங்கள்

இனிமேல் எந்த எண் உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள். அந்த சிம் உங்கள் பெயரிலோ வீட்டில் இருக்கும் ஒருவர் பெயரிலோ இருக்க வேண்டும். ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். சில காலம் கழித்து அதே எண் வேறு யாருக்கோ போகும். வங்கியில் அந்தப் பழைய எண்ணே பதிவாகியிருந்தால் உங்கள் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

அப்புறம் இரண்டு இடங்களுக்கு நேரில் போக வேண்டும்.

முதலாவது வங்கிக் கிளை. பாஸ்புக், ஆதார் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், எண் மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். மாற்றம் பதிவானதும் புதிய எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரும். அது வரும்வரை யுபிஐ (போன் வழியே வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் முறை) பக்கம் போகாதீர்கள்; வீணாக முயன்று பூட்டிக்கொள்வதுதான் மிஞ்சும்.

இரண்டாவது ஆதார் பதிவு மையம். எண்ணை மாற்ற எந்த ஆவணமும் கேட்கமாட்டார்கள், ஆனால் ஆள் நேரில் வர வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும். 2025 அக்டோபரில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி 75 ரூபாய். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இருக்கும் கோரிக்கை எண்ணை வைத்துத்தான் நிலையைப் பார்க்க முடியும். சில நாளிலேயே முடிந்துவிடுவதும் உண்டு, ஆனாலும் ஒரு மாதம் வரை ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடமாட முடியாத பெரியவர் என்றால் அஞ்சலகத்தில் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் எண்ணைப் பதிவு செய்யும் சேவை இருக்கிறது.

கவனம்: விண்ணப்பம் நிரப்பித் தருகிற கடைகளில், உங்களிடம் எண் இல்லை என்றால் கடைக்காரரின் எண்ணையே எழுதிவிடும் வழக்கம் உண்டு. அந்த நேரத்துக்கு வேலை நடந்துவிடும். அடுத்த முறை ஓடிபி வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போக வேண்டும்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார் அட்டை, பாஸ்புக், ஏடிஎம் கார்டு (காலாவதி தேதியைப் பாருங்கள், முடிந்துபோன கார்டு உதவாது), மின்வாரிய அட்டையில் உள்ள இணைப்பு எண், கேஸ் புத்தகம், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதுவும்.

இவற்றோடு ஒரு ஜிமெயில் கணக்கும் வேண்டும். போன் கடையில் விட்டால் அவர்களே ஒரு கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் சொல்லாமல் போனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பின்னால் போனை அழித்து மீட்டமைக்கும்போது அந்தக் கணக்கைக் கேட்கும், திறக்க முடியாமல் முழிப்பீர்கள். வீட்டில் உட்கார்ந்து நீங்களே தொடங்குங்கள். மீட்பு எண்ணாக மகன் அல்லது மகளின் எண்ணைக் கொடுங்கள்.

போனின் மொழியைத் தமிழாக மாற்றலாம். ஆனால் வெளியூரிலிருந்து போனில் வழி சொல்லப் போகும் பிள்ளையும் தன் போனைத் தமிழில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு ‘செட்டிங்ஸ்’, இவருக்கு ‘அமைப்புகள்’ என்று இருந்தால் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும்.

3. வேலைகளைத் தாளில் எழுதுங்கள்

பிளே ஸ்டோரைத் திறக்காமல், மாதம் ஒரு முறையாவது செய்யும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் இவ்வளவுதான் வரும்: பேசுவது, பணம் கொடுப்பது, கரண்ட் பில், கேஸ் புக்கிங், பஸ், ரயில், அட்டைகளைக் காட்டுவது, வழி பார்ப்பது. ஒரு வேலைக்கு ஒரு செயலி போதும்.

இதில் பாதிக்குத் தனிச் செயலியே வேண்டாம். டார்ச், கால்குலேட்டர், வரைபடம் எல்லாம் போனோடு வருபவை. க்யூஆர் ஸ்கேனரும் பெரும்பாலான போன்களில் கேமராவிலேயே இருக்கும். தாளை ஸ்கேன் செய்ய கூகுள் டிரைவே போதும். கரண்ட் பில்லையும் கேஸ் புக்கிங்கையும் யுபிஐ செயலியிலேயே முடித்துவிடலாம்.

4. அசல் செயலியை அடையாளம் காண்பது

பிளே ஸ்டோரில் ஒரு பெயரைத் தேடினால் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருக்கும். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். நிறுவும் பொத்தானைத் தொடும் முன் மூன்றைப் பாருங்கள்.

செயலியின் பெயருக்குக் கீழே இருப்பது வெளியிட்டவரின் பெயர். அரசுச் செயலி என்றால் துறையின் பெயரோ அரசு நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். பல அரசுச் செயலிகளுக்கு ‘கவர்ன்மென்ட்’ என்ற அடையாளத்தையும் பிளே ஸ்டோர் காட்டுகிறது. யாரோ ஒரு தனிநபர் பெயரோ ‘ஸ்டுடியோ’ என்று முடியும் பெயரோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ரேஷன், பட்டா, வாக்காளர் பட்டியல் என்று தேடினால் இப்படிப்பட்டவை வரிசையாக வரும். அரசு இணையதளத்தையே தங்கள் செயலிக்குள் திறந்து காட்டி, சுற்றிலும் விளம்பரம் போடுபவை அவை. உங்கள் அட்டை எண்ணை அவற்றில் தட்டச்சு செய்ய எந்த அவசியமும் இல்லை.

அடுத்தது பதிவிறக்க எண்ணிக்கை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றுக்குச் சில ஆயிரம் பதிவிறக்கம்தான் இருக்கிறது என்றால் அது நகல். மூன்றாவது, விமர்சனங்கள். ஐந்து நட்சத்திரம் தந்தவர்களைப் படித்துப் பயனில்லை. ‘புதியவை முதலில்’ என்று வரிசை மாற்றி, ஒரு நட்சத்திரம் தந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பணம் மாட்டிக்கொண்டது, எண்ணைக் கொடுத்ததும் தொல்லை அழைப்புகள் வருகின்றன போன்றவை அங்கேதான் தெரியும்.

இன்னும் நம்பகமான வழி ஒன்று உண்டு. அந்தத் துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குப் போய், அங்கிருக்கும் பிளே ஸ்டோர் இணைப்பைத் தொட்டு வாருங்கள். பெரும்பாலான அரசுத் தளங்களின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு) மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது, வங்கி கேஒய்சி, கரண்ட் துண்டிப்பு எச்சரிக்கை என்று பல வேடத்தில் வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தும் வரும், ஏனென்றால் மோசடிக்காரர்கள் அவர் போனை ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். நிறுவியதும் உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்கத் தொடங்கும், அதாவது ஓடிபிகளை. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, ரசீதும் இல்லை.

5. பணம்: யுபிஐ

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

எல்லா யுபிஐ செயலியும் ஒரே பாதையில்தான் பணத்தை அனுப்புகின்றன. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் உங்களிடம் உள்ள எந்த யுபிஐ செயலியாலும் ஸ்கேன் செய்யலாம். ஆகவே ஒன்று போதும். பீம், கூகுள் பே, போன்பே, பேடிஎம் இவற்றில் எது என்று கேட்டால், பெரியவர்களுக்கு முகப்பில் நெரிசல் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கடன், தங்கம், காப்பீடு என்று முகப்பு முழுக்க மின்னிக்கொண்டிருந்தால் கை தவறித் தொட்டுவிடுவார்கள். என் பரிந்துரை பீம். யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் தயாரிப்பு அது, தமிழிலும் இருக்கிறது.

பதிவு செய்யும்போது வங்கியில் பதிந்த சிம் அதே போனில் இருக்க வேண்டும். செயலி தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். இரண்டு சிம் இருந்தால் எது என்று கேட்கும், சரியானதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எம்எஸ் வசதி இல்லாத மலிவு ரீசார்ஜ் போட்டிருந்தால் இந்த இடத்தில் நின்றுவிடும். ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து பின் எண் (பணம் அனுப்பும்போது போடும் ரகசிய எண்) அமைக்க ஏடிஎம் கார்டின் கடைசி 6 இலக்கங்களும் காலாவதி தேதியும் கேட்கும். கார்டு இல்லாதவர்கள் ஆதார் ஓடிபி மூலமும் அமைக்கலாம், ஆனால் வங்கியிலும் ஆதாரிலும் ஒரே எண் இருக்க வேண்டும். முதல் படியை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான். புதிதாகப் பதிந்த பிறகு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. மறுநாள் காலையில் கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்று முந்தின இரவு அமைக்காதீர்கள்.

ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கும் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். வேறொரு கணக்கில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் போட்டு, அதை இணையுங்கள். என்ன நடந்தாலும் போவது அந்தத் தொகையோடு நிற்கும். பால், காய்கறி என்று சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் வசதியை இயக்கிக்கொள்ளலாம். அதில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமல் கொடுக்கலாம். பாஸ்புக்கிலும் வரிசையாக 20 ரூபாய், 35 ரூபாய் என்று நிரம்பாது.

வங்கிக் கணக்கே இணைக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு யுபிஐ சர்க்கிள் பொருத்தமானது. பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும், ஸ்கேன் செய்வது அம்மா. ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம், அல்லது மாதம் 15,000 ரூபாய்க்குள் ஒரு வரம்பு போட்டு விட்டுவிடலாம்.

பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று. பின் எண்ணைப் போடுவது பணம் கொடுக்கவும் இருப்பைப் பார்க்கவும் மட்டும்தான். பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின்னும் வேண்டாம். ‘பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று யார் சொன்னாலும் அவர் திருடர். இந்தத் தந்திரத்துக்குப் பயன்பட்டதால்தான் தனிநபருக்குள் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது.

கணக்கில் பணம் போய், எதிரில் இருப்பவருக்குச் சேரவில்லையா? பதறிக்கொண்டு கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடாதீர்கள், அங்கே போலி எண்கள் நிறைய. ரிசர்வ் வங்கியின் விதிப்படி தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குக் கொடுத்தது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் திரும்பி வந்துவிட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள்.

செலவு விஷயம்: யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து ஒருவருக்குப் பணம் அனுப்பக் கட்டணம் இல்லை. ஆனால் ரீசார்ஜுக்கும் பில்களுக்கும் சில செயலிகள் சில ரூபாய் கூடுதலாகப் பிடிக்கின்றன. பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலே மொத்தத் தொகையைப் பாருங்கள், பில் தொகையை விட அதிகமாக இருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியிலேயே கட்டிவிடலாம்.

இன்னொரு கசிவு ‘1 ரூபாய்க்குச் சோதித்துப் பாருங்கள்’ என்ற அழைப்பில் இருக்கிறது. அந்த ஒரு ரூபாயோடு ஆட்டோபே அனுமதியும் போய்விடும். பிறகு 15,000 ரூபாய் வரையிலான தொகையை, ஒவ்வொரு முறையும் பின் கேட்காமலே எடுக்க முடியும். செயலியை நீக்கிவிட்டால் இது ரத்தாகாது. யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். பிளே ஸ்டோரில் சந்தா பகுதியையும் ஒரு முறை பாருங்கள்.

6. அட்டைகள்: டிஜிலாக்கர்

அட்டைகளைப் போனிலேயே வைத்துக் காட்டும் அரசுச் செயலி இது. ஆதார் எண், அதில் பதிந்த போனுக்கு வரும் ஓடிபி, நீங்கள் வைக்கும் 6 இலக்க பின். இவ்வளவில் கணக்கு திறந்துவிடும், கட்டணம் இல்லை. ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி, பான், தமிழ்நாடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றைத் துறையிடமிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளலாம்.

இதில் பலரும் கவனிக்காதது: ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருப்பவைதான் அசலுக்குச் சமம். நீங்களே போட்டோ எடுத்து ஏற்றியது வெறும் நகல், காவலரிடம் அது செல்லாது. ஆதாரில் உள்ள பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ஆவணம் இறங்காது. முன்னெழுத்து முன்னால் பின்னால் மாறியிருப்பது நம்மூரில் சாதாரணம். வெளியூர்ப் பயணத்துக்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

7. பயணம்

சென்னையில் இருப்பவர்களுக்கு ‘சென்னை ஒன்’. 2025 செப்டம்பரில் வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம்.

ரயிலுக்கு 2025 ஜூலையில் வந்த ‘ரயில்ஒன்’ போதும். முன்பதிவு, முன்பதிவில்லாத டிக்கெட், நடைமேடைச் சீட்டு எல்லாம் அதில் உண்டு. பழைய ஐஆர்சிடிசி கணக்கையே கொண்டு நுழையலாம். முன்பதிவுக்கு யுபிஐயில் கட்டினால் சேவைக் கட்டணம் ஏசி அல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய், இரண்டுக்கும் மேல் ஜிஎஸ்டி. வேறு வழியில் கட்டினால் 15, 30 என்று கூடும். முன்பதிவில்லாத டிக்கெட்டைப் பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம்தான்.

தட்கலுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். காலை 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்பு திறக்கும்போது உட்கார்ந்து சரிபார்க்க நேரம் இருக்காது. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இன்றே முடித்து வையுங்கள். சாதாரண முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும்.

8. வாட்ஸ்அப்

எப்படியும் போடுவீர்கள். போட்டதும் நான்கு மாற்றங்கள் செய்யுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள்; முதலீட்டுக் கும்பல்கள் இந்த வழியில்தான் வருகின்றன. படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் குட்மார்னிங் படங்களே 64 ஜிபி போனை நிரப்பிவிடும். மாதம் ஒரு முறை ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக எதுவும் வேண்டாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தால் மைக்கைத் தொட்டுப் பேசலாம், எழுத்தாக வரும். அம்மாவுக்கு இந்த ஒன்றுதான் மிகவும் பிடித்தது. தட்டச்சுப் பழகியவர்களுக்குச் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி நல்ல தேர்வு.

9. அனுமதிகள்

செயலி முதல் முறை திறக்கும்போது வரிசையாகக் கேட்கும். அவசரத்தில் ‘அனுமதி’ என்று தொட்டுக்கொண்டே போகாதீர்கள். யுபிஐ செயலிக்கு எஸ்எம்எஸ் தேவை, வரைபடத்துக்கு இருப்பிடம் தேவை. விளையாட்டுக்கு எதற்குத் தொடர்பு எண்கள்? மறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுபாட்டுக்கு வேலை செய்யும். இருப்பிடத்துக்கு ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதே போதும்.

‘அணுகல்தன்மை’ என்ற அனுமதி மற்றவற்றைப் போல அல்ல. அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தொடவும் முடியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான உதவிச் செயலிகளைத் தவிர வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். அதே போல, போனில் பேசிக்கொண்டே ‘எனிடெஸ்க் (போனைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் செயலி) போடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன்’ என்று சொல்பவரின் அழைப்பைத் துண்டியுங்கள்.

10. போடவே வேண்டாதவை

போனை வேகமாக்கும் செயலி, குப்பை சுத்தம் செய்யும் செயலி, பேட்டரி சேமிக்கும் செயலி. போனே இவற்றைச் செய்துகொள்கிறது.

உடனடிக் கடன் செயலிகள். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்பும் கும்பல்கள் இதில் இருக்கின்றன. கடன் செயலிகள் போனின் தொடர்புப் பட்டியலை எடுக்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அனுமதி பெற்ற வங்கிகளோடும் நிதி நிறுவனங்களோடும் இணைந்த செயலிகளின் பட்டியலையும் ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வைத்திருக்கிறது. அவசரத் தேவை என்றாலும் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் கடன் செயலி எதையும் நிறுவாதீர்கள். அதற்குப் பதில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எவ்வளவோ மேல்.

11. போன் தொலைந்தால், பணம் போனால்

போன் கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) வரும், அதைப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். தொலைந்தால் முதலில் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண்ணில் மாற்று சிம் எடுத்ததும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்தப் புகார் நகலையும் ஐஎம்இஐ எண்ணையும் கொடுத்தால் போனையே முடக்கலாம், கிடைத்தபின் திறக்கவும் செய்யலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அதே தளத்தில் பார்க்கலாம்.

கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்த வங்கி என்ற விவரங்களைக் கேட்பார்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க முயல்வதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கி திறக்கட்டும், மகன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த எண்ணை அம்மாவின் போனில் ‘பணம் போனால்’ என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன்.